பழைய பாணியில் ஓர் உருவப்படம்: திருகோணமலையில் எங்கே, எப்படி எடுப்பது?

கல்யாணமாகி நாற்பது ஆண்டு நிறைந்த அப்பா அம்மாவுக்கு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திறங்கிய அண்ணன் குடும்பத்துக்கு, பல்கலைக்கழகம் போகவிருக்கும் தங்கைக்கு என்று, "பழைய காலத்துப் படம் மாதிரி ஒன்று எடுத்துத் தாருங்கள்" எனக் கேட்டு வருகிறவர்கள் திருகோணமலையில் இப்போது கூடியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வருகிற அடுத்த கேள்வி ஒன்றுதான். எங்கே எடுப்பது? ஸ்ரூடியோவிலா, கோட்டைக்குள்ளா, டச்பே கடற்கரையிலா, கடைத்தெருவிலா? உருவப்படம் எடுப்பது என் தொழில். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் எடுத்திருக்கிறேன். எனக்கென்று உறுதியான ஒரு விருப்பம் உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் தெரியும். ஆகவே ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்கிறேன்.

அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் காலத்துப் பழமை வேண்டும் என்பது. நூறு ஆண்டுக்கு முந்திய பழுப்பு நிறப் படம் ஒரு பாணி. 1950களிலும் 60களிலும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் வேறொரு பாணி. 1970களின் பிற்பகுதியில் வீடுகளுக்குள் வந்து, இன்று நிறம் மங்கிச் சிவப்பேறிப் போயிருக்கும் வண்ணப்படம் இன்னொன்று. மூன்றையும் "பழசு" என்று ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் பின்னர் ஏமாற்றம் அடைகிறார்கள். மனதில் இருப்பது அம்மம்மாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். கையில் கிடைப்பதோ பழுப்புச் சாயம் பூசிய கைபேசிப் படம். வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரு படத்தையாவது எடுத்து வாருங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

மிஞ்சியிருக்கும் ஒரு படம் என்று சொல்லும்போது மனம் கனக்கிறது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த ஒன்றும் இல்லை. இடம்பெயர்வுகளில் அல்பங்கள் போயின. மிஞ்சியவற்றில் கடலோர வீடுகளில் இருந்தவற்றை 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோனது. அப்பாவின் இளமைக்கால முகம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அவர்கள் கேட்கும் பழைய பாணி, அலங்காரத்துக்காகக் கேட்பது அன்று. இருந்திருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கைக்குப் பொருத்தமான இடத்தைத் தேடுவதில் அலட்சியம் காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

ஸ்ரூடியோவிலிருந்து தொடங்கலாம். இலங்கையில் உருவப்படம் என்பதே ஸ்ரூடியோவில்தான் வளர்ந்தது. ஸ்கீன், ஸ்கோவென், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் வரைந்த திரை, கைவைத்த நாற்காலி, பூந்தொட்டி வைத்த முக்காலி ஆகியவற்றை வைத்து ஒரு முறையை நிலைநாட்டின. பின்னாளில் சிறு நகரங்களில் திறந்த ஸ்ரூடியோக்களும் அதே வழியில் போயின. தூணும் படிக்கட்டும் வரைந்த திரைக்கு முன் தம்பதியினர் நிற்க, ஒரு கை நாற்காலியின் முதுகில் இருக்கும் அந்தத் தோற்றம் நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருந்தது. எனவே நூறாண்டுப் பழமை வேண்டுமென்றால் ஸ்ரூடியோதான் நேர்மையான தெரிவு. தெருவில் அதை எடுக்க முடியாது.

ஆனால் இன்று ஊரில் உள்ள ஸ்ரூடியோக்களின் அன்றாட வருமானம் அடையாள அட்டைப் படத்திலும் கடவுச்சீட்டுப் படத்திலும் விழா அல்பங்களிலும் இருக்கிறது. வரைந்த திரை இருந்த இடத்தில் அச்சடித்த பிளாஸ்டிக் திரையோ வெறும் பச்சைத் துணியோ தொங்குகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களும் பிழைக்க வேண்டும். எனக்குள்ள ஆட்சேபம் ஒன்றே ஒன்று: கணினியில் முகத்தை வழவழப்பாக்கித் தோலை வெளுப்பாக்கும் பழக்கம். எழுபது வயது அம்மாவின் கன்னத்துச் சுருக்கத்தை அழித்துவிட்டால் பிறகு அது யாருடைய படம்? ஸ்ரூடியோவைத் தேர்ந்தால் பணம் கட்டும் முன்பே மூன்று விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள். பின்னணிக்கு ஒரே நிறத்துத் துணி வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வேண்டும். முகத்தில் கணினி வேலை வேண்டாம். நல்ல ஸ்ரூடியோக்காரர் இதைக் கேட்டு மகிழ்ச்சியே அடைவார். கைக்குழந்தைகளுக்கும், வெயிலில் நிற்க முடியாத முதியவர்களுக்கும், குடும்பமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வரும்போதும் ஸ்ரூடியோவை விடச் சிறந்த இடம் இல்லை. காற்று தலைமுடியைக் கலைக்காது. குழந்தை அழுதால் நிறுத்தி, பால் கொடுத்து, மீண்டும் தொடங்கலாம்.

பிரெட்ரிக் கோட்டைதான் பெரும்பாலானவர்களின் முதல் விருப்பம். காரணம் புரிகிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றி, ஆங்கிலேயர் பெயர் சூட்டிய மதில். வாசல் கல்லில் இரட்டைக் கயல்மீன் சின்னமும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னனின் பெயர் சொல்லும் கல்வெட்டும். உள்ளே பெருமரங்கள், அவற்றின் கீழ் மான்கள், மேலே ஏறினால் கோணேசர் கோயில். இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

இருந்தாலும் உருவப்படத்துக்குக் கோட்டையை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. முதற் காரணம், அந்த இடம் ஆளை விழுங்கிவிடும். மதிலும் மலையும் கடலும் படத்துக்குள் வந்ததும், நிற்கிறவர் சுற்றுலா வந்தவர் போலத் தெரியத் தொடங்குவார். இரண்டாவது, இராணுவம் நிலைகொண்டிருக்கும் வளாகம் அது. கைபேசியில் எடுப்பவரை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். கமராத் தாங்கியும் ஒளிக்குடையும் விளக்கும் கொண்டுபோகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. மூன்றாவது, கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் கும்பிட வருகிறார்கள். அவர்களுடைய வழியை மறித்து உடை மாற்றுவதும், சேலைத் தலைப்பைப் பறக்கவிட்டு நிற்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. 1970, 80களின் வண்ணப்படப் பாணி வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் கோட்டை மிகப் பொருத்தம். அந்தக் காலத்தில் கோயிலுக்கு வந்த குடும்பங்கள் மலையடியில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் ஏராளம். அதே மாதிரி, அப்பா நடுவில், பிள்ளைகள் உயர வரிசையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு படத்தை எடுத்தால் அது உயிரோடு இருக்கும்.

டச்பே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கு நோக்கிய கடல் என்பதால் சூரிய உதயம் அழகு. ஆனால் கடல் எந்தக் காலத்துக்கும் சொந்தமானது. படத்துக்குப் பழமையை அது தராது. மாலையில் கூட்டமும் அதிகம். நீங்கள் விரும்புவது கடல்தான் என்றால் தாராளமாகப் போங்கள். பழைய பாணிதான் என்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டைக் வீதிக்குள் நடந்து வாருங்கள்.

நகரத் தெருக்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. டைக் வீதி, பிரதான வீதி, மத்திய வீதி, மரியாள் பேராலயத்தைச் சுற்றிய வீதிகள், மணிக்கூட்டுக் கோபுரத்தடி, அங்கிருந்து பிரியும் ஒழுங்கைகள். இவை யாரும் காட்சிக்காகப் பாதுகாத்து வைத்த இடங்கள் அல்ல. அங்கே ஓட்டுக் கூரையும் மரத்தூணும் உள்ள விறாந்தை ஒன்று நிற்கும். பக்கத்திலேயே கண்ணாடி முகப்போடு கைபேசிக் கடை இருக்கும். பலகை பலகையாகச் செருகிப் பூட்டும் பழைய கடைக் கதவுகள் இன்னும் சில இடங்களில் மிஞ்சியிருக்கின்றன. வெள்ளையடித்து, மேலே நீலமடித்து, அதன் மேல் மஞ்சளடித்து, எல்லாமே உரிந்து மூன்று நிறமும் தெரியும் சுவர்கள் இருக்கின்றன. எந்தத் திரைக்காரராலும் அப்படி ஒரு சுவரை வரைய முடியாது.

தெருவின் பெரிய பலம் அதன் வாசல்கள். உள்ளே இருட்டாக உள்ள ஒரு கடையின் வாசலில் ஆளை நிறுத்திப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் இருள். தலைக்கு மேலே கூரைத் தாழ்வாரம் இருப்பதால் உச்சி வெயில் முகத்தில் விழாது. எதிர்ச் சுவரிலும் வீதியிலும் பட்டுத் திரும்பும் மெல்லிய வெளிச்சம் முன்னாலிருந்து வரும். வெளிப்பக்கமாகக் கால் பங்கு திரும்பச் சொன்னால் ஒரு கன்னம் ஒளியில், மற்றது நிழலில். 1870களில் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்துபோன ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற பெண் படப்பிடிப்பாளர் தான் எடுத்த உருவப்படங்களில் நம்பியிருந்ததும் இப்படி ஒரு பக்கத்திலிருந்து வரும் இயற்கை ஒளியைத்தான். சைக்கிள் திருத்தும் கடை வாசலிலும் தையற்கடை வாசலிலும் அந்த ஒளி இன்றைக்கும் கிடைக்கிறது, வாடகை இல்லை. கடைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. நாற்காலியைத் தூக்கிக் கொடுத்து, "அம்மா, இப்படி இருங்கோ" என்று சொல்கிறவர்களே அதிகம். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஊரின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வெட்டவெளியில் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். கோட்டையிலும் கடற்கரையிலும் காலை எட்டு மணிக்குப் பிறகு வேலை முடிந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் அப்படியில்லை. டைக் வீதியில் கடல்பக்க வீடுகளின் நிழல் காலையில் வீதிமேல் விழுவதால் நேரம் நீளும். வேறிடங்களில் வெயில் ஏறினால் எதிர்ப்பக்கத் தாழ்வாரத்துக்கு மாறலாம். மாலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் போனால் மேற்கு வெளிச்சம் நீருக்கு மேலாக வந்து முகத்தில் படும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதியும் வியர்வையும் சேர்ந்து சோதிக்கும். அப்போது காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் முடித்துவிடுவதே உத்தமம்.

தெருவின் குறைகளும் எனக்குத் தெரியும். மின்கம்பிகள், விளம்பரப் பலகைகள், நிறுத்தி வைத்த முச்சக்கர வண்டிகள், நின்று பார்ப்பவர்கள். வெட்கப்படும் இளம் பெண்ணுக்கு நாலு பேர் பார்வைக்கு நடுவே நிற்பது தண்டனை. அவளைத் தெருவுக்கு இழுத்துவராதீர்கள். மற்றவர்களுக்கு நாளைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஞாயிறு காலையிலும் போயா (பௌர்ணமி) நாட்களிலும் பல கடைகள் பூட்டியிருக்கும்; பலகைக் கதவுகள் முழுதாகத் தெரியும். வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் வர்த்தகர்களின் கடைகள் மூடியிருக்கும். ஆனால் அப்போது வெயில் உச்சத்தில் நிற்கும். அது தாழ்வாரத்துப் படங்களுக்கு மட்டுமே உதவும்.

இப்படி ஒரு ஞாயிறு காலையில், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவரையும் அவருடைய மனைவியையும் பிரதான வீதியோரத்தில் பூட்டியிருந்த கடை முன்னால் நிறுத்தி எடுத்தேன். வேட்டி சால்வையில் வந்திருந்த ஐயா அடையாள அட்டைக்கு நிற்பது போல விறைத்து நின்றார். என் கையில் இருந்தது மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் கமரா. ஒரு படம் எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடியே கைப்பிடியைச் சுற்றிப் பிலிமை நகர்த்திக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது என்று நினைத்த அம்மா அவர் பக்கம் திரும்பி, தோளில் சரிந்திருந்த சால்வையின் மடிப்பை எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி நீவி, மீண்டும் தோளில் வைத்தார். காப்பு முழங்கைப் பக்கம் வழுகி ஓடியது. ஐயா அந்த விரலைக் குனிந்து பார்த்தார். அவருடைய தாடை இளகியது. அப்போது அழுத்தியதுதான் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் படம்.

இதை நான் பிலிமுக்காக வாதாடவும் சொல்கிறேன். டிஜிட்டலா பிலிமா என்பது அடுத்த தீர்மானம். 120 அளவுப் பிலிமில் சதுரப் படம் பன்னிரண்டுதான் வரும். எடுக்கிறவரும் எடுக்கப்படுகிறவரும் பொறுமையாக இருந்தே ஆக வேண்டும். குனிந்து பார்க்கும் கமரா, முன்னால் நிற்பவரைக் கண்ணுக்குக் கண் நேராக உறுத்துவதில்லை. பிலிமின் மணிமணியான பரப்பும் வெளிச்சப் பகுதிகள் மெதுவாகக் கரையும் விதமும் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஆனால் அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். பிலிம் இறக்குமதிப் பொருள். 2022இல் ரூபாய் வீழ்ந்த பிறகு அதை வாங்குவதே பெரிய செலவாகிவிட்டது. வண்ணப் பிலிமைக் கழுவ ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தை வழுவாமல் பிடிக்க வேண்டும். அதை நான் வீட்டில் செய்வதில்லை, கொழும்புக்கு அனுப்புகிறேன். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். அதற்குச் சொல்லப்படும் வெப்பநிலை 20 பாகை. நம் குழாய்த் தண்ணீரோ முப்பதை நெருங்கி வரும். ஐஸ் கட்டி போட்ட தொட்டிக்குள் மருந்துப் போத்தலை இறக்கி வைத்துக் குளிரப் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மிக வேகமாக வேலை செய்து, முகத்தின் மென்மையான சாயல்கள் எல்லாம் அடித்துப்போய்விடும். உப்புக் காற்றும் ஈரப்பதமும் லென்சுக்குள் பூஞ்சணம் வளர்க்கும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு வைக்காவிட்டால் பழைய கமரா நிலைக்காது. ஒரே ஒரு படம், ஒரு முக்கியமான நாள், காத்திருக்க மனம் உண்டு என்றால் பிலிமைத் தேர்ந்தெடுங்கள். பேரப்பிள்ளைகளோடு ஓடியாடும் குடும்பப் படம் என்றால் டிஜிட்டல்தான் நல்லது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பழைய லென்சை இடைவளையம் போட்டு இன்றைய டிஜிட்டல் கமராவில் பொருத்துவது. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 என்ற 58 மில்லிமீற்றர் லென்ஸ் இதற்குப் பேர்போனது. அதன் ஒளித்துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தால் பின்னணி சுழல்வது போல மங்கும். மரத்து இலைகள் பின்னால் இருந்தால் அந்தச் சுழற்சி நன்றாகத் தெரியும். கடைத்தெரு வாசலில் அவ்வளவு தெரியாது. ஆனால் ஓரங்கள் இளகி முகம் மட்டும் தெளிவாக நிற்கும் அழகு கிடைக்கும். இளம் படப்பிடிப்பாளர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

கைபேசியில் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எடுக்கலாம், அகன்ற லென்சில் நெருங்கிப் போகாமல். நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும். இரண்டு மூன்று அடி பின்னால் போய், இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்சைப் பயன்படுத்துங்கள். பின்னணியைத் தானாக மங்கச் செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். கொண்டையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் காதோர முடியையும் அது கண்டபடி அரித்துவிடுகிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பழைய பாணி என்ற பெயரில் அதிகம் கெடுக்கப்படுவது இதுதான். முற்காலப் பிலிம்கள் நீலத்தை மிகுதியாக உணர்ந்தன. சிவப்பை ஏறக்குறைய உணரவே இல்லை. அதனால் அன்றைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கும், குங்குமப் பொட்டு கறுப்பாக இருக்கும். நம் மாநிறத் தோலில் சிவப்பின் பங்கு அதிகம் என்பதால் அதுவும் உள்ளதைவிடக் கறுத்து விழும். இன்றைய மென்பொருள்களில் "பழைய படம்" என்று கிடைக்கும் சில ஆயத்த வடிவங்கள் அந்தக் குறையையும் சேர்த்தே நகலெடுக்கின்றன. நான் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பையும் செம்மஞ்சளையும் சற்று உயர்த்தி வைக்கிறேன். வெளுப்பாக்குவதற்காக அன்று, தோலுக்குள் இருக்கும் ஒளி தெரிய வேண்டும் என்பதற்காக. பழுப்பு நிறமும் அன்று வெறும் அழகுக்காக வந்ததில்லை. படத்திலுள்ள வெள்ளியைச் சல்பைடாக மாற்றினால் அது எளிதில் மங்காது. பழுப்பு அந்த இரசாயன மாற்றத்தின் நிறம். காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால் இலேசான பழுப்பு நன்றாக இருக்கும். தேயிலைச் சாயத்தில் முக்கியது போன்ற கடும் பழுப்பு வேண்டாம்.

உடை விஷயத்தில் என் நிலைப்பாடு கண்டிப்பானது. வாடகைக்குக் கிடைக்கும் தொப்பியும் இடுப்புப் பட்டியும் பொய் முத்துமாலையும் யாரோ ஒருவருடைய பழங்காலம். வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். அம்மாவின் கூறைச்சேலை இருக்கும். மடிப்பு விட்டிருந்தால் அந்த மடிப்பு தெரியட்டும். அப்பாவின் மூக்குக்கண்ணாடி, வாப்பாவின் தொப்பி, பெரியம்மாவின் கொண்டை ஊசி, ஓய்வு பெறும்போது கிடைத்த கைக்கடிகாரம், இவற்றில் ஒன்று போதும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அணிய வேண்டாம்.

இதற்கு ஓர் ஆழமான காரணமும் உண்டு. அந்நியர் ஆட்சிக்காலத்தில் இலங்கையில் எடுக்கப்பட்டு அஞ்சலட்டைகளாக விற்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். குடம் ஏந்திய பெண், மூக்குத்தி அணிந்த பெண், கூலித் தொழிலாளி. கீழே "தமிழ்ப் பெண்" என்ற அளவில் எழுதியிருக்கும். பெயர் இருக்காது. அந்தப் பெண்ணுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவள் எந்த ஊர், யாருடைய மகள் என்பதும் இருந்திருக்கும். படமெடுத்தவருக்கு அது தேவைப்படவில்லை. இடுப்பில் குடத்தை வைத்து, தலைகுனிந்து நிற்கச் சொல்லும் "பழைய பாணி"ப் படங்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு அந்த அஞ்சலட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தக் காலத்து ஒளியையும் பொறுமையையும் எடுத்துக்கொள்வோம். பெயரில்லாமல் ஆக்கும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுவோம். யாரிடம் படமெடுக்கக் கொடுப்பது என்று தீர்மானிக்கும்போது, அவர் முதலில் உங்கள் பெயரையும் உறவையும் கேட்கிறாரா, அல்லது எந்த உடை எந்தக் கோணம் என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை. எடுத்த படத்தை அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு, எடுத்த தெரு ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பேனா மை காகிதத்தை ஊடுருவி முன்னால் வந்துவிடும். கணினிக் கோப்பை மட்டும் தருகிற வேலையை நான் ஏற்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்றால் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில், வேறொரு ஊரில் வைக்கச் சொல்கிறேன். ஒரே வீட்டில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை நன்றாக அறியும்.

பழைய படம் ஒன்று கிழிந்த நிலையில் கையில் இருந்தால், புதிதாக எடுப்பதற்கு முன் அதை நல்ல வெளிச்சத்தில் பிரதியெடுத்து வைத்துவிடுங்கள். இப்போது முகத்தை உயிர்ப்பித்து வண்ணம் தீட்டித் தரும் செயலிகள் வந்திருக்கின்றன. அவை இல்லாத கண்ணையும் பல்லையும் கற்பனை செய்து போடுகின்றன. மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டுப் பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

ஆக, எனக்குத் தீர்மானிக்கச் சொன்னால்: நடக்கக்கூடிய தம்பதியினருக்கும் தனியாளுக்கும் கடைத்தெரு வாசல், முடிந்தால் கறுப்பு வெள்ளைப் பிலிமில். அந்தத் தெருவோடு அவர்களுக்கு ஏதேனும் உறவு இருந்தால் இன்னும் நல்லது. வேலை பார்த்த கடை, படித்த பள்ளிக்கூடத்துக்குப் போன வழி, கல்யாணச் சேலை வாங்கிய இடம். குழந்தைகளுக்கும் பெருங்குடும்பத்துக்கும் ஸ்ரூடியோ. வண்ணப்படக் காலத்துக் குதூகலம் வேண்டுமென்றால் கோட்டை, அதிகாலையில்.

ஐந்தாவது தெரிவு ஒன்றும் இருக்கிறது. கேட்டு வருகிறவர்கள் அதை நினைப்பதேயில்லை. சொந்த வீட்டு விறாந்தை. வெளியே வர முடியாத முதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். கடை வாசலில் கிடைக்கும் அதே ஒளி அங்கேயும் கிடைக்கும். யன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி, பின்னால் ஒரு கறுப்புத் துணி, எதிரே வெளிச்சத்தைத் திருப்ப ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. தனக்குப் பழகிய நாற்காலியில் உட்கார்ந்த முகம் எந்த ஸ்ரூடியோவிலும் அப்படி அமையாது.

காலம் பற்றிக் கடைசியாகக் கேட்பார்கள். தெருவுக்குப் பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை இதமானது. ஒக்டோபர் கடைசியிலிருந்து வாடைக்காற்றோடு மழை வந்துவிடும். கோட்டையும் கடற்கரையும் அப்போது தோதுப்படாது. ஆனால் முதியவர்களின் படத்தை மழை விடட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மேகம் மூடிய நாளில் விறாந்தைக்கு வரும் வெளிச்சம் ஆண்டின் மற்ற எந்த மாதத்தையும் விட மென்மையானது. நவம்பரில் கேட்டு வருகிறவர்களுக்கு நான் நாள் மாற்றிக் கொடுப்பதில்லை. கமராவைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.